லேப்டாப்பும் பேட்களும் கொண்டு மேடையிலேயே இசையமைப்பது: புதியவர்களுக்கான வழிகாட்டி

முன்கூட்டிப் பதிவு செய்த டிராக்கை ஓடவிட்டு அதன் மேல் பாடுவது ஒரு முறை. எதுவும் இல்லாத நிலையிலிருந்து தொடங்கி, கேட்பவர்களின் கண்ணெதிரே ஒரு தாளக்கட்டைப் பதிவு செய்து, அதைச் சுழலவிட்டு, அதன் மேல் அடுத்த அடுக்கை வைத்து, அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே கற்பனையாகப் பாடியோ வாசித்தோ போவது இன்னொரு முறை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. ஓரளவு சுர ஞானமும் தாளம் போடும் பழக்கமும் உள்ள, ஆனால் கணினியை இசைக்கருவியாகக் கையாண்டிராத ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளையும் விரலால் தட்டும் சதுர பேட்கள் கொண்ட ஒரு மிடி கண்ட்ரோலரையும் (தட்டியதைக் கட்டளையாகக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) எடுத்துக்கொள்கிறேன். காரணம், 2001இல் முதல் பதிப்பு வந்த அந்த மென்பொருள் மேடையில் வாசிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. இங்கே சொல்லப்படும் பெரும்பாலானவை பிட்விக், லாஜிக் புரோ, ஐபேடில் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டின் லைவ் லூப்ஸ் பகுதி ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

என்னென்ன வேண்டும்

ஒரு லேப்டாப், ஒலியைக் கணினிக்குள் கொண்டுசென்று வெளியே தரும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு பேட் கண்ட்ரோலர், ஒரு மைக், மூடிய வகை ஹெட்ஃபோன் ஒன்று: தொடங்குவதற்கு இவை போதும். பேட் கண்ட்ரோலரை வாங்கும்போது, பேட்கள் விரல் அழுத்தத்தின் வேகத்தை உணர்பவையா என்று கேட்டு வாங்குங்கள். கிளிப்களை, அதாவது லூப்பாகச் சுழலும் ஒலித்துண்டுகளை, ஓடவிடவும் நிறுத்தவும் மட்டும் என்றால் லாஞ்ச்பேட் மினி போன்ற எளிய பெட்டியே போதும். விரலால் தாளமும் சுரமும் வாசிக்க வேண்டுமென்றால், மெல்லத் தட்டியதும் ஓங்கித் தட்டியதும் ஒரே ஒலியாக வந்துவிடும் கருவியில் உயிர் இருக்காது. ஆடியோ இன்டர்ஃபேஸில் இரண்டு உள்ளீடுகளும் நான்கு வெளியீடுகளும் இருப்பது நல்லது. நான்கு வெளியீடுகள் எதற்கு என்ற கேள்வி எழலாம். அரங்குக்குப் போகும் ஒலி முதல் இரண்டிலும், உங்கள் காதுக்கு மட்டும் கேட்க வேண்டிய மெட்ரோனோம் (தாளம் காட்டும் டிக் ஒலி) மற்ற இரண்டிலும் செல்ல வேண்டும். இரண்டே வெளியீடுகள் உள்ள பெட்டியில் ஸ்டீரியோ ஒலியை வைத்துக்கொண்டு இந்தப் பிரிவினையைச் செய்ய வழியில்லை.

பெரும்பாலான கண்ட்ரோலர்களுடனும் இன்டர்ஃபேஸ்களுடனும் ஏபிள்டன் லைவின் லைட் பதிப்பு சேர்ந்தே வருகிறது. முதல் சில மாதங்களுக்கு அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. மென்பொருளுக்கே செலவில்லாமல் தொடங்க விரும்புவோர் கியாடா என்ற திறந்தமூல லூப் மென்பொருளை முயன்று பார்க்கலாம்.

முதலில் தாமதத்தைச் சரிசெய்யுங்கள்

பேட்டைத் தட்டும் கணத்துக்கும் ஒலி காதில் விழும் கணத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை லேட்டன்சி என்கிறார்கள். இதைச் சரிசெய்யாமல் பயிற்சியைத் தொடங்குபவர்கள், கை தாளத்தில் நிற்கவில்லையே என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். குற்றம் பெரும்பாலும் கையில் இருப்பதில்லை. ஆகவே எதையும் வாசிப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவு சாம்பிள்களை (ஒலியின் நுண்துணுக்குகளை) சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புகிறது. அந்த அளவுக்குப் பெயர் பஃபர். சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பது) 48,000 என்றும் பஃபர் 128 என்றும் வைத்தால், ஒரு பஃபர் நிரம்ப ஏறத்தாழ 2.7 மில்லி விநாடி ஆகும். 256 என்றால் 5.3, 1024 என்றால் 21க்கும் மேல். மைக்கில் பாடுவது உள்ளே போய்த் திரும்ப வெளியே வர வேண்டும் என்பதால் இந்தக் கணக்கை இரட்டிக்க வேண்டும், கருவியின் சொந்தத் தாமதத்தையும் அதனுடன் கூட்ட வேண்டும். மொத்தம் 10 மில்லி விநாடியை ஒட்டி இருந்தால் அச்சமின்றி வாசிக்கலாம். மேடையில் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் மிருதங்கத்தின் ஒலி காற்றில் வந்து உங்கள் காதை எட்டவே சுமார் 9 மில்லி விநாடி ஆகிறது; அதை எவரும் தாமதமாக உணர்வதில்லை.

விண்டோஸ் கணினியில், மென்பொருளின் ஆடியோ அமைப்புகளுக்குச் சென்று, இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) தேர்ந்தெடுங்கள். மேக்கில் அதே வேலையைச் செய்யும் கோர் ஆடியோ ஏற்கெனவே இருப்பதால் இந்தப் படி வேண்டாம். பஃபரை 128இல் வைத்துத் தொடங்கி, நீங்கள் பயன்படுத்தப்போகும் எல்லா டிராக்குகளையும் ஓடவிட்டுக் கேளுங்கள். ஒலியில் சொடுக்குச் சத்தம் வந்தால் கணினிக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள், 256க்கு மாற்றுங்கள். அதிலும் சத்தம் வந்தால், பஃபரை இன்னும் கூட்டுவதை விடக் கனமான பிளக்-இன்கள் (மென்பொருளில் சேர்க்கும் ஒலிகளும் விளைவுகளும்) இரண்டைக் கழற்றுவதே சரியான தீர்வு.

இங்கே எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. பல இன்டர்ஃபேஸ்களில், மைக்கில் வரும் ஒலியைக் கணினிக்குள் அனுப்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருக்கும். அதை இயக்கினால், மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை ஆஃப் செய்ய வேண்டும். இரண்டும் இயங்கினால் உங்கள் குரல் இரண்டு முறை, நூலிழை இடைவெளியில் கேட்கும். டப்பாவுக்குள் நின்று பாடுவது போன்ற அந்த ஒலிக்கு மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

சுருதியையும் ராகத்தையும் தீர்மானித்தல்

மனோதர்மம் (அந்தக் கணத்தில் கற்பனையாக இசைப்பது) என்பது எல்லையற்ற சுதந்திரம் அன்று. ராகமும் தாளமும் வகுத்த எல்லைக்குள் நின்று புதிதாகச் சொல்வதே அது. கருவிகள் பெருகிவிட்ட சூழலில் இந்த உண்மை இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. ஆயிரம் ஒலிகள் விரல் நுனியில் இருக்கும்போது, அவற்றுள் எதைத் தொடப்போவதில்லை என்று முன்பே தீர்மானித்துக்கொண்டவரால்தான் மேடையில் யோசிக்க முடியும். ஒரு சுருதி, ஒரு ராகம், ஒரு தாளம், ஒரு காலப்பிரமாணம் (வேகம்), நான்கு டிராக்குகள் என்று வரையறுத்துக்கொண்டு, அந்த வரையறையிலேயே சில வாரங்கள் இருங்கள்.

சுருதிக்கு என் உறுதியான பரிந்துரை: தம்புரா ஒலியை லேப்டாப்பில் வைக்காதீர்கள். சுருதிப்பெட்டியையோ கைபேசியில் உள்ள தம்புரா செயலியையோ தனியாக மிக்சரில் இணையுங்கள். கணினி நடுவில் நின்றுவிட்டாலும் சுருதி நிற்காது. சுருதி இருக்கும்வரை பாட முடியும்.

ராகத்துக்கு, கீபோர்டில் உள்ள கறுப்புக் கட்டைகளைக் கொண்டு தொடங்கலாம். எஃப் ஷார்ப்பை, அதாவது நாலரைக் கட்டையை சட்ஜமாக வைத்துக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் மோகனம் வரும். அதே ஐந்து கட்டைகளில் சட்ஜத்தை ஐந்தரைக் கட்டைக்கு நகர்த்தினால் மத்தியமாவதி. ஆறரைக்கு நகர்த்தினால் இந்தோளம். ஒன்றரையில் சுத்த சாவேரி. இரண்டரையில் சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று நாம் அறிந்த இந்த ஏற்பாடு, பேட்களில் வாசிக்கத் தொடங்குபவருக்கு ஒரு பெரிய வசதி. விரல் எங்கே விழுந்தாலும் அது ராகத்துக்குள்ளேயே விழும் என்பதால் கவனம் முழுவதையும் தாளத்துக்குத் தரலாம். ஏபிள்டனின் புஷ் போன்ற கண்ட்ரோலர்களில் ஸ்கேல் முறையை இயக்கி மேஜர் பென்டடோனிக்கைத் தேர்ந்தெடுத்தால், எந்தச் சுருதியிலும் மோகனத்தின் சுரங்கள் மட்டுமே பேட்களில் அமையும்.

ஒரு நுணுக்கம் மட்டும் கவனத்தில் இருக்கட்டும். மிடி கருவிகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரிப்பவை. தம்புராவின் அனுசுரமாக (தந்தியில் கூடவே எழும் மேல் ஒலியாக) எழும் அந்தர காந்தாரத்தை விட, சம பாகத்தில் வரும் காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கூடுதல். வேகமாக வாசிக்கும்போது தெரியாது; தம்புரா ஒலிக்க காந்தாரத்தில் நீண்டு நின்றால் காதில் உரசும். ஆகையால் பேட்களில் நீட்டிப் பிடிக்கும் சுரங்களைச் சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் வைத்து, காந்தாரத்தில் நிற்கும் வேலையைக் குரலுக்கு விட்டுவிடுங்கள். லைவின் 12ஆம் பதிப்பில் சுர அமைப்பையே மாற்றிக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது என்றாலும், அது இரண்டாம் கட்ட வேலை.

தாளமும், ஒரு ஆவர்த்தனம் முன்னால் யோசிப்பதும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால், இதைப் படியுங்கள்.

லைவில் செஷன் வியூ என்ற திரை உண்டு. டேப் விசையை அழுத்தினால் வரும். நெடுக்காக இருப்பவை டிராக்குகள். குறுக்கு வரிசைகளுக்கு சீன் என்று பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு லூப் இருக்கலாம். கட்டத்தைத் தட்டினால் லூப் உடனே ஓடாது. அடுத்த குறிப்பிட்ட எல்லை வரும்வரை காத்திருந்து, சரியாக அந்த எல்லையில் தொடங்கும். அந்த எல்லையைத் தீர்மானிப்பது குவாண்டைசேஷன் என்ற அமைப்பு. இயல்பாக அது ஒரு பாரில் இருக்கும். நாலுக்கு நாலு கணக்கில் ஒரு பார் என்பது நான்கு அட்சரம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் வேண்டும் என்பதால், திரையின் மேற்பட்டையில் அதை இரண்டு பார் என்று மாற்றுங்கள். இனி எந்த லூப்பும் சமத்தில், அதாவது தாளச் சுற்றான ஆவர்த்தனத்தின் முதல் அட்சரத்தில், மட்டுமே தொடங்கும், சமத்தில் மட்டுமே நிற்கும். மிஸ்ர சாபுவில் வாசிப்பதென்றால் டைம் சிக்னேச்சரை ஏழுக்கு எட்டு என்று வைத்து, குவாண்டைசேஷனை ஒரு பாரிலேயே விடலாம்.

இந்த அமைப்பின் விளைவை முழுமையாக உணர வேண்டும். காலப்பிரமாணம் நிமிடத்துக்கு 80 அட்சரம் என்று வைத்தால், ஓர் அட்சரம் 750 மில்லி விநாடி. ஒரு ஆதி தாள ஆவர்த்தனம் ஆறு விநாடி. அடுத்த சமத்தில் மிருதங்க லூப் நுழைய வேண்டும் என்றால், இந்த ஆறு விநாடிக்குள் அதைத் தட்டியிருக்க வேண்டும். சமம் விழும் அதே கணத்தில் தட்ட முயன்று மயிரிழை பிந்தினாலும், இயந்திரம் இன்னோர் ஆவர்த்தனம் முழுவதும் காத்திருக்கும். நீங்கள் மேடையில் செய்வதறியாமல் ஆறு விநாடி நிற்பீர்கள். அந்த ஆறு விநாடி மிக நீளமானது.

ஆகவே கை எப்போதும் இசைக்கு முன்னால் போக வேண்டும். லகுவின் நான்கு அட்சரத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். முதல் திருதத்தில் தட்டுங்கள். இரண்டாம் திருதத்தில் கையை எடுத்துவிட்டு, வரப்போகும் மாற்றத்துக்குக் குரலைத் தயார் செய்யுங்கள். பாடகர் கல்பனாசுரம் பாடும்போது அடுத்த எடுப்பை (பாடல் தொடங்கும் இடத்தை) கணக்கில் வைத்துக்கொண்டுதான் இப்போதைய சுரத்தைப் பாடுகிறார். அதே பழக்கத்தை இப்போது விரலுக்கும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் ஒலியே இல்லாமல் பயிலுங்கள்: மெட்ரோனோமை மட்டும் ஓடவிட்டு, வலக்கையால் தாளம் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் ஐந்தாவது அட்சரத்துக்கும் ஆறாவது அட்சரத்துக்கும் இடையே இடக்கையால் ஏதேனும் ஒரு பேட்டைத் தட்டுங்கள். அலுப்பான பயிற்சிதான். இதைத் தாண்டியவருக்கும் தாண்டாதவருக்கும் உள்ள வேறுபாடு மேடையில் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் லூப்பை எடுப்பது

இப்போது ஒரு முழுப் பயிற்சியைப் படிப்படியாகப் பார்க்கலாம். சுருதி நாலரைக் கட்டை, ராகம் மோகனம், ஆதி தாளம், காலப்பிரமாணம் 80. நான்கு டிராக்குகள்: முதலாவது மைக்குக்கு, இரண்டாவது பேட்டில் வாசிக்கும் கீழ் ஸ்தாயி ஒலிக்கு, மூன்றாவது பேட்டில் வாசிக்கும் சுரங்களுக்கு, நான்காவது மறுபடி மைக்குக்கு. தம்புரா தனியே ஓடிக்கொண்டிருக்கட்டும். மெட்ரோனோம் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கட்டும்.

முதல் மைக் டிராக்கைப் பதிவுக்குத் தயாராக்குங்கள். காலியான கட்டங்களில் வட்டமான பதிவுக் குறி தோன்றும். ஓர் ஆவர்த்தனம் தாளம் போடுங்கள். ஐந்தாவது அட்சரம் கடந்ததும் முதல் கட்டத்தைத் தட்டுங்கள். சமத்தில் பதிவு தொடங்கும். "தகதிமி தகஜொணு" என்று எட்டு அட்சரத்துக்கும் கொன்னக்கோல் (வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு) சொல்லுங்கள். அதே ஆவர்த்தனத்தின் திருதத்தில் அதே பேட்டை மறுபடி தட்டினால், அடுத்த சமத்தில் பதிவு முடிந்து லூப் தானாகச் சுழலத் தொடங்கும். வாய் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் பேட்டைத் தட்ட வேண்டும் என்பதுதான் இங்குள்ள சவால்.

இந்த இடத்தில் இரண்டு சிக்கல்கள் உறுதியாக வரும். முதலாவது, லூப்பின் கடைசி ஒலி வெட்டுப்படுவது. நீட்டிப் பாடிய கார்வை சமத்தைத் தாண்டிப் போகிறது, ஆனால் பதிவு சமத்தில் முடிந்துவிடுகிறது. தீர்வு: கடைசி அரை அட்சரத்தை மௌனமாக விடுங்கள், எதிரொலி விளைவுகளை மைக்கின் வழியில் சேர்த்துப் பதிவு செய்யாமல், பதிவான டிராக்கின் மீது வையுங்கள். அப்போது லூப் முதலுக்குத் திரும்பினாலும் முந்தைய சுற்றின் எதிரொலி அறுபடாமல் தொடரும்.

இரண்டாவது இன்னும் சுவையானது. நம் சங்கதிகள் பல சமத்தில் தொடங்குவதில்லை. சமத்துக்குப் பின் தொடங்கும் அநாகத எடுப்பில் தொல்லை ஏதுமில்லை. லூப்பின் தலைப்பில் சிறு மௌனம் இருக்கும், அவ்வளவே. சமத்துக்கு முன்பே தொடங்கும் அதீத எடுப்பில்தான், அந்த முன்பகுதி பதிவாகாமல் போய்விடும். இதற்காக லூப்பின் நீளத்தை மாற்ற வேண்டியதில்லை. முன்பகுதியைச் சமத்துக்கு முன் ஒருமுறை பாடுங்கள். அது பதிவாகாது, பரவாயில்லை. ஆவர்த்தனம் முழுவதும் பாடி, முடிவில் அதே முன்பகுதியை அதன் இடத்தில் மறுபடி பாடுங்கள், இது பதிவாகும். லூப் சுற்றி வரும்போது வால் தலையுடன் தானாகப் பொருந்திக்கொள்ளும். இதைக் கற்றுக்கொண்ட பிறகு, சதுரமாக ஒலிக்கும் லூப்கள் திடீரென்று பாடல் போல் ஒலிக்கத் தொடங்குவதைக் கேட்பீர்கள்.

லூப் சரியாக வரவில்லை என்றால் பதறி நிறுத்தாதீர்கள். கன்ட்ரோலுடன் (மேக்கில் கமாண்டுடன்) இசட் விசையை அழுத்தினால் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைசிச் செயல் நீங்கும். பேட்டில் வாசித்தவற்றுக்கு இன்னும் அருமையான வசதி இருக்கிறது. லைவின் 10ஆம் பதிப்பு முதல், பதிவுப் பொத்தானை அழுத்தாமல் வாசித்ததையும் கேப்சர் என்ற பொத்தான் கொண்டு பிடித்து லூப்பாக்கலாம். பதிவு ஓடுகிறது என்ற நினைப்பே விரல்களை இறுக்கிவிடும் என்பதால், தடையின்றி வாசித்துவிட்டு, நன்றாக வந்ததைப் பின்னர் எடுத்துக்கொள்ள உதவும் இந்த வசதி கற்பனை வாசிப்புக்கு மிகவும் உகந்தது.

அடுக்குவதும் நீக்குவதும்

இரண்டாவது டிராக்கில் கீழ் ஸ்தாயியில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் கொண்டு ஓர் ஆவர்த்தனம் வாசியுங்கள். மூன்றாவதில் ஒரு சிறு சுரக்கோர்வை. இந்த லூப்பை வேறு நீளத்தில் அமைத்துப் பாருங்கள்: எட்டு அட்சர லூப் ஓடும்போது ஐந்து அட்சர லூப் ஒன்றைச் சேர்த்தால், இரண்டும் 40 அட்சரத்தில்தான் மறுபடி சமத்தில் சேரும். 80 காலப்பிரமாணத்தில் அது ஐந்து ஆவர்த்தனம், அதாவது 30 விநாடி. அந்த 30 விநாடியும் ஒரே பொருள்கள் ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் மோதுவதால் செவிக்கு அலுப்புத் தட்டாது. கோர்வைக் கணக்கில் பழகியவர்களுக்கு இது புதிதன்று.

நான்காவது அடுக்கு, சுழலாத அடுக்கு. அங்கே நீங்கள் பாடுகிறீர்கள் அல்லது வாசிக்கிறீர்கள். இதையும் லூப்பாக்கும் ஆசை வரும், வேண்டாம். ஏதேனும் ஒன்று சுழற்சிக்கு வெளியே நின்றால்தான் கேட்பவருக்கு முன்னேறிப் போகும் உணர்வு இருக்கும்.

சேர்ப்பது எளிது என்பதால் எல்லோரும் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா லூப்களும் ஒலித்து, இனிப் போக இடமில்லாமல் நிகழ்ச்சி அந்தரத்தில் நிற்கும். என் கருத்தில், மேடையிலேயே இசையமைப்பது என்பதன் பெரும்பகுதி எதை எப்போது நீக்குவது என்பதுதான். கொன்னக்கோலை நிறுத்திக் கீழ் ஸ்தாயி ஒலியை மட்டும் இரண்டு ஆவர்த்தனம் விடுங்கள். பிறகு அதையும் நிறுத்தித் தம்புராவுடன் தனியே பாடி, கொன்னக்கோலை மறுபடி சமத்தில் கொண்டுவாருங்கள். திரும்பி வரும் அதே பழைய லூப் அப்போது புதிதாக ஒலிக்கும். முடிப்பதற்கும் ஒரு முறை வேண்டும்: ஒரு தீர்மானத்தை (முடிவாக அமையும் சொற்கட்டை) மும்முறை பாடத் தொடங்கும்போதே எல்லா டிராக்குகளுக்கும் நிறுத்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டால், மூன்றாவது முறை சமத்தில் விழும்போது எல்லாம் ஒன்றாக நிற்கும். இதற்கும், தீர்மானம் ஓர் ஆவர்த்தனத்துக்குள் அடங்குகிறதா என்ற கணக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒலியளவைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. சம அளவுள்ள நான்கு லூப்கள் சேர்ந்தால் மொத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். ஆகவே ஒவ்வொன்றையும் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் பதிவு செய்து, மாஸ்டர் டிராக்கில் ஒரு லிமிட்டரை (ஒலி எல்லை மீறாமல் தடுப்பது) வைத்துவிடுங்கள்.

கமகம் என்ற கேள்வி

பேட்டில் கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) வருமா? சங்கீதம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. 1983இல் வந்த மிடி என்ற கருவி இணைப்பு முறை, அடித்தால் ஒலித்து விட்டால் நிற்கும் கீபோர்டை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அதில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் உண்டு. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்படிகள் கொண்டது என்பதால் நுட்பத்தில் குறையில்லை. குறை வேறிடத்தில். ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் அது ஒருங்கே வளைத்துவிடும். ஆகவே கமகத்துடன் வாசிக்கும் டிராக்கை மோனோ முறையில், ஒரு நேரத்தில் ஒரே சுரம் என்று வையுங்கள். கிளைடு என்ற வசதியைச் சற்றே கூட்டினால் ஜாரு (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்குவது) ஓரளவு வரும். பெண்ட் எல்லையை இரண்டு அரைச்சுரங்கள் என்று வைத்தால், மோகனத்தில் ரிஷபத்திலிருந்து காந்தாரத்தை எட்டும் அசைவு சக்கரத்தின் முழு வீச்சுக்குள் அடங்கும். கர்நாடக சங்கீதத்தைக் கீபோர்டில் கச்சேரியாகவே வாசித்துவரும் கே. சத்யநாராயணனின் இடக்கை அந்தச் சக்கரத்தில் என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். எத்தனை வகுப்புகளை விடவும் அது பயனுள்ளது.

ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க உதவும் எம்பிஇ முறை, 2018இல் மிடியின் அதிகாரபூர்வ விரிவாக்கமாக ஏற்கப்பட்டது. ரோலி சீபோர்டு, லின்ஸ்ட்ரூமெண்ட் போன்ற கருவிகள் இதில் இயங்குகின்றன. ஏ. ஆர். ரஹ்மான் வாசிக்கும் கண்டினுவம் என்ற கருவி, விரலைச் சறுக்கிச் சுரத்தைத் தேடும் தடையற்ற பரப்பு உடையது. இவை விலை உயர்ந்தவை. விரல் பயிற்சியையும் முதலிலிருந்து கேட்பவை. தொடக்கத்தில் இவற்றை வாங்க வேண்டியதில்லை. அதே வேளையில் தோடியையும் சகானாவையும் பேட்டில் முயலவும் வேண்டாம். அந்த ராகங்கள் வாழ்வது சுரங்களுக்கு இடையே உள்ள வெளியில். அவற்றைக் குரலுக்கு வைத்துக்கொண்டு, பேட்களில் சட்ஜ பஞ்சமத்தையும் தாளத்தையும் மட்டும் விடுவதே ராகத்துக்குச் செய்யும் மரியாதை.

குமிழ்கள்

கண்ட்ரோலரில் எட்டுக் குமிழ்கள் இருந்தாலும் நான்குக்கு மட்டும் வேலை கொடுங்கள்: ஃபில்டர் (ஒலியை வடிகட்டுவது), ரிவெர்ப் (அரங்க முழக்கம்), டிலே (எதிரொலி), கீழ் ஸ்தாயியின் ஒலியளவு. கன்ட்ரோலுடன் (மேக்கில் கமாண்டுடன்) எம் விசையை அழுத்தி, திரையில் உள்ளதைச் சொடுக்கி, குமிழைத் திருகினால் இணைப்பு முடிந்தது. குமிழ் நிற்கும் இடமும் திரையில் உள்ள அளவும் வேறுபட்டிருந்தால், தொட்டவுடன் ஒலி துள்ளும். அமைப்புகளில் டேக்ஓவர் முறையைப் பிக்கப் என்று மாற்றினால், குமிழ் அந்த அளவை எட்டும்வரை எதுவும் அசையாது.

பக்கவாத்தியத்துடன் வாசிக்கும்போது

இன்னொரு லேப்டாப் கலைஞருடன் என்றால், இருவரும் ஒரே வைஃபையில் இணைந்து மென்பொருளின் லிங்க் வசதியை இயக்கினால் காலப்பிரமாணமும் சமமும் ஒன்றாகிவிடும். மிருதங்கமோ கடமோ வாசிப்பவருடன் என்றால் நிலைமை வேறு. உயிருள்ள கை சற்றே ஓடும், சற்றே தழையும். லூப் இம்மியும் நகராது. அவரை மெட்ரோனோம் கேட்கச் சொல்வது இங்கிதமான வழியன்று. கொன்னக்கோல் லூப்பை அவருடைய மானிட்டரில் தெளிவாகக் கொடுத்து, அவருக்கு முன்னால் சர்வலகுவாக (எளிய சீரான நடையில்) ஓடவிடுங்கள். தனி ஆவர்த்தனத்தின்போது எல்லா லூப்களையும் நிறுத்திவிடுங்கள். அவர் விரும்பும் வேகத்துக்குப் போகட்டும். முடிவில் மறுபடி சேரும்போது, டேப் டெம்போவுக்கு ஒரு பேட்டை ஒதுக்கி அவருடைய தாளத்தைத் தட்டிக் காட்டினால், கணினி அவரைப் பின்தொடரும்.

மேடைக்குப் போகும் முன்

மைக்கின் முகம் நோக்கும் பக்கத்தில், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால், ஸ்பீக்கர் இருக்கக் கூடாது. ஸ்பீக்கரில் வரும் லூப்கள் மைக்கினுள் புகுந்து புதிய லூப்பிலும் பதிவாகி, ஐந்தாறு அடுக்குகளில் எல்லாம் குழம்பிய கூழாகிவிடும். எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாயருகே வைத்து, மேடை மானிட்டருக்குப் பதில் ஹெட்ஃபோனில் கேட்டால் இது பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.

லேப்டாப்பின் சார்ஜரை இணைத்தவுடன் ரீங்காரம் கேட்டால் அது எர்த் இணைப்புகளின் மோதல். ஒலியை மிக்சருக்குக் கொண்டுசெல்லும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எர்த் பின்னை உடைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு, அது உயிருக்கே ஆபத்து. பேட்டரியை முழுமையாக நிரப்பி வையுங்கள். யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறும் இன்டர்ஃபேஸ் இருந்தால், அரங்கில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எழும்வரையிலும் உங்கள் லூப்கள் ஹெட்ஃபோனில் ஓடிக்கொண்டிருக்கும். லிங்க் பயன்படுத்தாதபோது வைஃபையை அணைத்துவிடுங்கள். அறிவிப்புகளையும் தானியங்கி அப்டேட்டுகளையும் நிறுத்துங்கள். கண்ட்ரோலரையும் இன்டர்ஃபேஸையும் ஒரே ஹப்பில் செருகாமல் தனித்தனித் துளைகளில் இணையுங்கள்.

வாசித்ததை இசைப்படைப்பாக்குவது

ஒவ்வொரு பயிற்சியையும் தொடங்கும்போது மேற்பட்டையில் உள்ள அரேஞ்ச்மெண்ட் பதிவுப் பொத்தானை அழுத்துங்கள். எந்த லூப் எந்தக் கணத்தில் நுழைந்தது, எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியது என்பதெல்லாம் காலக்கோட்டில் தனித்தனியே பதிவாகும். வெறும் ஒலிப்பதிவைப் போலன்றி, இதைப் பின்னர் திறந்து ஒரு டிராக்கை மட்டும் மாற்றலாம், நீண்டுபோன இடத்தை வெட்டலாம்.

அன்றே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். நன்றாக வந்த ஆவர்த்தனங்களை மட்டும் வெட்டி, காலப்பிரமாணத்தையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, புதிய கட்டங்களில் வையுங்கள். அடுத்த பயிற்சி அவற்றில் ஒன்றிலிருந்து தொடங்கட்டும். சேமிக்கும்போது கலெக்ட் ஆல் அண்ட் சேவ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், எல்லா ஒலிக்கோப்புகளும் ஒரே ஃபோல்டருக்குள் வந்துவிடும். அந்த ஃபோல்டரை வேறொரு டிரைவில் நகலெடுத்துவிட்டு, நிகழ்ச்சிக்கான கோப்பைத் தனியாக இன்னொரு பெயரில் வையுங்கள். பயிற்சியில் செய்யும் மாற்றங்கள் அதைத் தொடக் கூடாது.